அவரு உங்களுக்கு என்ன வேணும்?

எங்க ஊர்ல 'உறவினர்' என்று யாரும் வாயால சொல்லி நான் கேட்டதில்லை. அது கல்யாணப் பத்திரிகைக்கும் கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கும் உள்ள சொல். பேச்சுல வர்றது ரெண்டுதான். ஒண்ணு சொந்தக்காரங்க. இன்னொண்ணு ஒறம்பரை. காங்கயம், வெள்ளகோவில் பக்கம் வந்தீங்கன்னா இன்னைக்கும் காதுல விழும், "ஊட்டுக்கு ஒறம்பரை வந்திருக்குதுங்க" என்று. சொந்தக்காரருக்கும் அதே சொல்தான், விருந்தாளிக்கும் அதே சொல்தான். உறவுமுறைங்கிறது நாக்குல தேய்ஞ்சு தேய்ஞ்சு அப்படி ஆச்சு என்பார்கள்.

இப்போ மூணாவதா ஒண்ணு வந்து குந்தியிருக்கு. ரிலேட்டிவ். பள்ளிக்கூடத்துக்கு லீவு லெட்டர் எழுதறப்ப, பேங்க்ல மேனேஜர்கிட்ட பேசறப்ப, ஆஸ்பத்திரி வாசல்ல செக்யூரிட்டி நிறுத்தறப்ப இந்தச் சொல்தான் கைகொடுக்குது. "ரிலேட்டிவ் ஒருத்தரைப் பார்க்கணுங்க." ஒரு சௌகரியம் என்னன்னா, இதுக்கு மேல கேள்வி வராது. சொந்தக்காரங்கன்னு சொல்லிப் பாருங்க. உடனே அடுத்தது வரும்: "என்ன முறையாகணும்?" தாத்தன் பேரு, ஊரு, காட்டுப் பேரு வரைக்கும் போய்த்தான் நிற்கும். ரிலேட்டிவ்ங்கிறது அப்படியே கதவைச் சாத்திடுற சொல்.

இந்தச் சொல்லுக்குள்ள வேற ஒரு அறை இருக்குன்னு எனக்குக் காட்டினது என் தம்பி மகள். திருப்பூர்ல படிக்கிறா. லீவுக்கு வந்தவ திண்ணையில உட்கார்ந்து அறிவியல் புத்தகத்தைப் புரட்டிக்கிட்டே கேட்டா: "பெரியப்பா, ரிலேட்டிவ்னா சொந்தக்காரங்கதானே? அப்புறம் எதுக்கு ரிலேட்டிவ் டென்சிட்டின்னு போட்டிருக்காங்க? அடர்த்திக்கு யாரு சொந்தம்?"

நான் தமிழ் மீடியம். எங்க புத்தகத்துல அதுக்கு ஒப்படர்த்தின்னு பேரு. ஒரு பொருளோட அடர்த்தி தண்ணியோட அடர்த்தியைப் போல எத்தனை மடங்குன்னு பார்க்கிறது. 'ஒப்பு'ன்னு முன்னாடியே ஒட்டியிருக்கிறதால எங்களுக்கு அதுல குழப்பமே வந்ததில்லை. ஒப்பிடுறோம், அவ்வளவுதான். மாமனும் மச்சானும் அதுக்குள்ள வரவே மாட்டாங்க. இங்கிலீஷ்காரனுக்கு மட்டும் மாமனும் ஒப்பீடும் எப்படி ஒரே சொல்லுல உட்கார்ந்தாங்கன்னு அன்னைக்கு ராத்திரி அகராதியைத் துழாவினேன்.

வேர் லத்தீன்ல இருக்கு. 'ரெ' என்றால் திரும்ப. 'லாட்டுஸ்' என்றால் கொண்டுவரப்பட்டது. ஒண்ணைக் கொண்டுவந்து இன்னொண்ணுகிட்ட சேர்த்து வைக்கிறது. இங்கிலீஷுக்குள்ள இது முதல்ல வந்தது இலக்கணச் சொல்லாக, 14-ம் நூற்றாண்டு வாக்கில். 'ஹூ', 'விச்' மாதிரி, முன்னாடி வந்த பெயரைத் திரும்பச் சுட்டுற சொற்களுக்கு ரிலேட்டிவ்னு பேரு வச்சாங்க. சொந்தக்காரருங்கிற அர்த்தம் 17-ம் நூற்றாண்டுலதான் ஒட்டிக்கிச்சு. அதுக்கு முன்னாடி அவங்களுக்கு 'கின்', 'கின்ஸ்மேன்'னு சொந்தமா பழைய சொற்கள் இருந்தது, இன்னும் இருக்கு. அதாவது சொந்தக்காரருக்குன்னு பிறந்த சொல் இல்லை இது. ஒண்ணை இன்னொண்ணோட வச்சுப் பார்க்கிறதுக்குப் பிறந்து, அப்புறமா சித்தப்பன் பெரியப்பன் மேல போய் உட்கார்ந்த சொல்.

வச்சுப் பார்க்கிற அந்த அர்த்தம் எவ்வளவு முக்கியம்னு கொப்பரை காயப் போடுறவங்களுக்குத் தெரியும். வானிலை அறிக்கையில காலை ஈரப்பதம் இத்தனை சதவீதம், மாலை இத்தனை சதவீதம்னு தினமும் வரும். அது ரிலேட்டிவ் ஹியூமிடிட்டி. தமிழ்ல ஒப்பு ஈரப்பதம். காத்துல எவ்வளவு தண்ணி இருக்குங்கிற கணக்கு இல்லை அது. அந்தச் சூட்டுல காத்து எவ்வளவு தாங்குமோ அதுல எத்தனை பங்கு இருக்குங்கிற கணக்கு. 20 டிகிரியில ஒரு கன மீட்டர் காத்து ஏறத்தாழ 17 கிராம் நீராவி தாங்கும். அதே காத்து 30 டிகிரிக்குப் போனா 30 கிராம் தாங்கும். விடியக்காலையில 17 கிராம் இருந்தா நூத்துக்கு நூறு, புல்லு நுனியில பனி நிக்கும். மத்தியானம் அதே 17 கிராம் இருந்தாலும் 57 சதவீதம்தான். தண்ணி ஒரு சொட்டு குறையலை, ஆனா களத்துல கொப்பரை காயும். ஈரப்பதம் 6 சதவீதத்துக்கு வந்தாதான் கொப்பரையை மூட்டை கட்ட முடியும். அதனால காலை நம்பரைப் பார்த்துப் பயப்படாம, வெயில் ஏறுன பிறகு களத்துல விரிச்சு, சாயங்காலம் பனி இறங்குறதுக்கு முன்னாடி மூடிடுவோம். ஐன்ஸ்டீன் 1905-ல சொன்னதுக்கும் இதே குடும்பத்துச் சொல்தான். தமிழ்ல சார்பியல்னு வச்சாங்க. அந்தக் காட்டுக்குள்ள நான் போகலை, எனக்குக் கொப்பரை வரைக்கும் போதும்.

ஆக இங்கிலீஷ்ல ஒரே சொல். தமிழ்ல கொப்பரைக்கு ஒப்பு, ஐன்ஸ்டீனுக்குச் சார்பு, மாமனுக்கு உறவு. மூணு தனித்தனிக் கட்டுத்தறி.

சொந்தமும் ஒப்பீடும் ஒரே இடத்துல சேர்ந்து நிற்கிற இன்னொரு வழக்கும் இங்கிலீஷ்ல இருக்கு. 'புவர் ரிலேஷன்'. நேரா எடுத்தா ஏழைச் சொந்தக்காரன். ஆனா மனுஷனுக்கு மட்டும் அதைச் சொல்றதில்லை. ஒரே வகையில ரெண்டு இருந்து, ஒண்ணுக்கு மதிப்பு கம்மின்னா அதுக்கு இந்தப் பேரு. நெல்லுக்குப் பக்கத்துல சோளம் புவர் ரிலேஷன். அரசாங்கம் விவசாயின்னு நினைக்கிறப்ப கண்ணுல வர்றது தஞ்சாவூர் வயல். எங்க மேட்டாங்காடும், கிளுவை முள் வேலி போட்டு ஆடுமாடு மேய விட்ட கொறங்காடும் எல்லாம் புவர் ரிலேஷன்தான். கல்யாணப் பந்தல்ல மூணாவது பந்திக்கு உட்கார வைக்கப்பட்ட எந்தச் சொந்தக்காரருக்கும் இந்த வார்த்தையை நான் அர்த்தம் சொல்லி விளக்க வேண்டியதில்லை.

சரி, நம்ம சொற்களுக்கு வருவோம். சொந்தக்காரர்ங்கிறதும் ரெட்டை அர்த்தம்தான், கவனிச்சிருக்கீங்களா? வீட்டுச் சொந்தக்காரர்னா உடமைக்காரர். "எங்க சொந்தக்காரர்"னா உறவு. இங்கிலீஷ்காரன் உறவை ஒப்பீட்டோட முடிச்சுப் போட்டான்னா நாம உடமையோட முடிச்சுப் போட்டோம். பங்காளிங்கிற சொல்லை இன்னும் கிட்டப் போய்ப் பாருங்க. பங்கு உள்ளவன். அண்ணன் தம்பி மக்கள் ஒருத்தருக்கொருத்தர் யாருன்னா, ஒரே சொத்துல பங்கு உள்ளவங்க. ரத்தத்தைப் பத்தி அந்தச் சொல்லுல ஒரு வார்த்தை கிடையாது, காட்டைப் பத்தித்தான் இருக்கு.

அப்புறம் அந்தக் கேள்வி. இதை யோசிச்சா எனக்கே ஆச்சரியமா இருக்கு. இங்கிலீஷ்ல கேட்டா "அவர் உங்களோட எப்படி இணைஞ்சிருக்கார்"ங்கிற மாதிரி கேட்பாங்க. நாம கேட்கிறது: "அவரு உங்களுக்கு என்ன வேணும்?" பதில்: "எனக்குச் சித்தப்பா வேணும்." வேணும்! தண்ணி வேணும், உப்பு வேணும்ங்கிற அதே வேணும். இன்னொரு மாதிரி, "அவரு எனக்கு மாமன் ஆகணும்." இருக்கிறாருன்னு சொல்றதில்லை, ஆகணும்கிறோம். எவன் முதல்ல இப்படிப் பேசினானோ தெரியலை.

உறவுக்கு நாம வச்சிருக்கிற இன்னொரு சொல்தான் எங்க குடும்பத்துக்குள்ள ரொம்ப வேலை செஞ்சது. முறை. மாமன் முறை, அண்ணன் முறை, முறைப் பொண்ணு. அதே முறைதான் தண்ணிக்கும். "இன்னைக்கு யாரு முறை?"

எங்க அப்பாரு வெட்டின கிணறு ஒண்ணு இருக்கு. சதுரக் கிணறு, 70 அடி ஆழம், உள்ள இறங்கப் படிக்கட்டு. பாறையை உடைச்சுத் தோண்டினது. அவரு காலத்துல கவலை கட்டி மாடு பூட்டி இறைச்சாங்க. அவருக்கு ரெண்டு பசங்க, பெரியப்பாவும் எங்க அப்பாவும். பாகம் பிரிச்சப்ப காட்டை வெட்டிக் கொடுக்கலாம், கிணத்தை வெட்டிக் கொடுக்க முடியுமா? அதனால ஆளுக்குப் பாதிப் பங்கு. பெரியப்பாவுக்கு ரெண்டு பசங்க, எங்க அப்பாவுக்கு நானும் தம்பியும். ஆக நாலில் ஒரு பாகம் ஒவ்வொருத்தருக்கும். நாலு நாளைக்கு ஒருக்கா முறை. காலையில 6 மணிக்கு மாறும். மறுநாள் 6 மணி வரைக்கும் மோட்டார் சாவி அவங்ககிட்ட.

எழுதி வைக்காத சட்டங்கள் இதுல நிறைய. கரண்ட் போனா அது அன்னைக்கு முறைக்காரரோட நஷ்டம், அடுத்தவன் நேரத்துல கை வைக்கக் கூடாது. மோட்டார் காயில் போச்சுன்னா செலவு நாலுல ஒண்ணு, யார் முறையில போனாலும் சரி. ஒருத்தர் வெளியூர் போனா அவரு பாத்திக்கு அடுத்தவர் தண்ணி கட்டிவிடணும். சாவு விழுந்தா நாலு வீட்டுக்கும் தீட்டு, பங்காளிங்க யாரும் காட்டுல இறங்க மாட்டாங்க. அப்போ மச்சான் முறைக்காரங்க வந்து மடை திருப்பிவிடுவாங்க. இப்படித்தான் ஒரு முறைக்குள்ள இன்னொரு முறை பின்னிக்கிட்டு இருந்தது.

ஒப்பீடு அப்பவும் இருந்தது, இல்லாமல் இல்லை. "உன் பாத்தி நிறைஞ்சு வழியுது, எனக்கு முக்கால்தான் வந்துச்சு" என்று வாய்க்கால்ல நின்னு சண்டை போட்டதை நான் பார்த்திருக்கேன். ஆனா அந்தச் சண்டை சமமா வரணுங்கிறதுக்கான சண்டை. யாருக்கும் எதிராளியை விட ஜாஸ்தி வேணும்னு கேட்க வாய் வராது. நாலில் ஒண்ணுன்னா நாலில் ஒண்ணுதான்.

போர் வந்த பிறகுதான் எல்லாம் மாறிச்சு. 2003 வறட்சியில கிணறு அடிமட்டம் தெரிஞ்சது. பெரியப்பா மக்கள்ல மூத்தவரு, நாங்க பெரியண்ணன்னு கூப்பிடுறவரு, தன் காட்டுல தனியா போர் போட்டார். திருச்செங்கோட்டு வண்டி ராத்திரி முழுக்க ஓடிச்சு. 600 அடியில தண்ணி. அன்னைக்கு ஊரே போய்ப் பார்த்துச்சு. அடுத்த வருஷம் அவரோட கூடப் பிறந்த தம்பி, சின்னண்ணன், 750 அடி போட்டார். அவருக்கும் தண்ணி வந்தது. கிணத்து முறை அப்படியே நின்னு போச்சு. தனித்தனியா சாவி வந்த பிறகு காலையில 6 மணிக்குச் சாவி வாங்கப் போற வேலை யாருக்கு?

அதுக்கப்புறம் இந்த ரெண்டு வீட்டுலயும் பேச்சே அடிக்கணக்குதான். "அவன் 750." "நம்மளது 600தான்." 2013-ல பெரியண்ணன் 900 போட்டார். 500 அடிக்கு மேல போகப் போக அடிக்கு ரேட்டு கூடிக்கிட்டே போகும், இரும்புப் பைப்பு, நீர்மூழ்கி மோட்டார், கேபிள் எல்லாத்தோட விலையும் ஆழத்தோடயே ஏறும். பொண்டாட்டி நகை பேங்குக்குப் போச்சு. சின்னண்ணன் வீட்டு வாசல்ல தேங்காயை உள்ளங்கையில வச்சுக்கிட்டு நீரோட்டம் பார்க்கிறவர் வந்து நின்னார்.

இங்கதான் அந்த இங்கிலீஷ் சொல் எனக்கு உறைச்சது. 900 அடின்னா எதுல இருந்து 900? அவரவர் காட்டுத் தரையில இருந்து. பெரியண்ணன் காடு மேட்டுல இருக்கு. சின்னண்ணன் காடு பள்ளத்துல. ரெண்டுக்கும் 25 அடி வித்தியாசமாவது இருக்கும். அவரு 900 அடி இறங்கினா இவரு 875 அடியிலயே அதே மட்டத்துக்குப் போயிடுவார். அது மட்டும் இல்லை, எங்க பக்கம் பாறை நிலம். தண்ணி பாறை வெடிப்புலதான் ஓடும். ஒரு வெடிப்பு 300 அடியில மாட்டலாம், இல்லேன்னா 1,000 அடி போனாலும் மாட்டாமப் போகலாம். ஆழத்துக்கும் தண்ணிக்கும் நேர் கணக்கு கிடையாது. எதை வச்சு ஒப்பிடுறோம்னு பார்க்காம நம்பரை மட்டும் எடுத்து ஒப்பிட்டாங்க. பாறைக்கு யாரு அண்ணன், யாரு தம்பி?

2016-ல வடகிழக்குப் பருவமழை மோசமாப் பொய்த்தது. 2017 ஜனவரியில தமிழ்நாட்டோட 32 மாவட்டத்தையும் வறட்சி மாவட்டம்னு அறிவிச்சாங்க. எங்க பக்கம் தென்னை மரம் தலை சாய்ஞ்சு, குருத்து காய்ஞ்சு, கம்பம் கம்பமா நின்னுச்சு. லாரித் தண்ணி வாங்கி ஊத்தினவங்க உண்டு. அந்தச் சித்திரையில சின்னண்ணன் 1,100 அடி போட்டார். விடிய விடிய புகை. புகைன்னா உங்களுக்குத் தெரியாம இருக்கலாம், தண்ணி இல்லாத பாறையை இடிச்சா வெள்ளைத் தூளாகக் கிளம்பி வானத்துக்கு எழும்பும், அதைத்தான் புகைங்கிறோம். ஒரு மைல் தூரத்துல இருந்து பார்த்தாலே தெரியும். பெரியண்ணன் வீட்டுத் திண்ணையில இருந்தும் தெரிஞ்சிருக்கும். அவரு வந்து பார்க்கலை. "வந்து ஒரு வார்த்தை கேட்டாரா பாரு"ன்னு சின்னண்ணி என்கிட்ட சொன்னாங்க. வந்திருந்தா "பார்த்துட்டுப் போக வந்தார்"னு சொல்லியிருப்பாங்க. ரெண்டு வீட்டுக்கும் பேச்சு நின்னுது. முறை போய் முறைப்பு மட்டும் மிஞ்சின வருஷம் அது.

ரெண்டு வீட்டுக்கும் நடுவுல பெரியம்மா இருந்தாங்க. மாசம் ஒரு வீடு. சின்ன மகன் வீட்டுல சாப்பிட்டதைப் பெரிய மகன் வீட்டுல சொல்லக் கூடாது, அங்க நடந்ததை இங்க பேசக் கூடாது. ஒரு நாள் என்கிட்ட, "நான் பெத்தது ரெண்டு கண்ணு, அதுல எது பெருசுன்னு தினமும் கேட்கிறாங்க சாமி" என்றார். ஒப்பிடச் சொல்லி அந்தம்மாவைப் பிடிச்சு நிறுத்தின மாதிரி எந்த வறட்சியும் நிறுத்தலை.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி மார்கழியில அவங்க போய்ச் சேர்ந்தாங்க. வாசல்ல பொம்பளைங்க வட்டமா உட்கார்ந்து, ஒருத்தர் தோள்ல ஒருத்தர் கை போட்டு ஒப்பு வச்சு அழுதாங்க. அப்போதான் எனக்குப் பட்டது, நம்மகிட்டயும் உறவும் ஒப்பீடும் சேர்ற ஒரு இடம் இருக்குன்னு. ஒப்பாரி. ஒப்புச் சொல்லி அழறதுனாலதான் அந்தப் பேருன்னு சொல்வாங்க. போனவங்களைத் தங்கத்தோட, தேரோட, நிழல் கொடுத்த மரத்தோட ஒப்பிட்டு அழறது. அழறவங்க மகளா, மருமகளா, நாத்தனாராங்கிறதைப் பொறுத்து ஒப்பும் மாறும். பெரியம்மாவோட ரெண்டு மருமகளும் அன்னைக்குப் பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்து அழுதாங்க. ஆறு வருஷமா எதிர்ல வந்தா ரோடு மாறிப் போனவங்க.

குளிப்பாட்டுற தண்ணி அப்பாரு கிணத்துல இருந்துதான் வரணும்னு தாய்மாமன் வழியில ஒரு பெரியவர் சொல்லிட்டார். படிக்கட்டு முழுக்க முள்ளுச் செடி. அரிவாள் எடுத்து நானும் என் தம்பியும் வெட்டினோம். பின்னாலயே ரெண்டு அண்ணன்களும் இறங்கினாங்க. உள்ள 12 அடி தண்ணி கிடந்தது, பச்சைக் கட்டியா. யாரும் யார்கிட்டயும் பேசலை. குடத்தை மட்டும் கை மாத்தினாங்க.

இத்தோட ராசி ஆயிட்டாங்கன்னு எழுதினா உங்களுக்கும் நல்லா இருக்கும், எனக்கும் நல்லா இருக்கும். ஆகலை. காரியம் முடிஞ்சு கொஞ்ச நாள்ல சின்னண்ணன் காட்டை விக்கிறதுன்னு முடிவு பண்ணிட்டார். கடன் கழுத்துக்கு மேல. பங்காளிங்க யாருக்கும் வாங்க வசதி இல்லை. பெரியண்ணனுக்கு மனசு இருந்ததோ என்னவோ, கையில காசு இல்லை. 900 அடிக்குக் கொடுத்த காசெல்லாம் தரைக்குள்ள இருக்கு. கோயம்புத்தூர்ல கம்ப்யூட்டர் வேலையில இருக்கிற ஒரு தம்பி வாங்கினார். நல்ல பையன். வாரக் கடைசியில வந்து மரம் வைக்கணும்னு ஆசை. கிரயப் பத்திரத்தைப் பத்து தடவை படிச்சிருப்பார் போல. அதுல வழக்கப்படி எல்லாம் இருந்தது, மாமூல் வண்டித்தட பாத்தியம், பொதுக் கிணற்றில் நாலில் ஒரு பாகம், மோட்டார் மின் இணைப்பில் நாலில் ஒரு பாகம்.

"மீதி மூணு பேரும் ரிலேட்டிவ்ஸாங்க?" என்று என்கிட்ட கேட்டார். ஆமாங்க என்றேன். அவரு கேட்டது வில்லங்கம் எதுவும் வருமா என்கிற அர்த்தத்துலன்னு எனக்குப் புரிஞ்சது. பங்காளிங்க இருக்கிற சொத்துல வெளியாள் கால் வைக்கிறதுக்குப் பயப்படுறதுல தப்பு ஒண்ணும் இல்லை.

இந்த வருஷம் ஐப்பசி கார்த்திகையில மழை பிடிச்சு, அப்பாரு கிணத்துல 35 அடி தண்ணி நிக்குது. பெரியண்ணனோட 900 அடி போர் அரை மணி நேரம் ஓடினா காத்து வாங்குது. அவரே வந்து, "மறுபடி முறை வச்சுக்கலாமா"ன்னு என்கிட்ட கேட்டார். தம்பி பங்கையும் நான்தான் பார்க்கிறேன், எனக்குச் சம்மதம். மோட்டாரைத் தூக்கி காயில் கட்டினோம், செலவு நாலுல ஒண்ணு. கோயம்புத்தூர்த் தம்பி தன் பங்குக் காசை அன்னைக்கே போன்ல அனுப்பிட்டார், அந்த விஷயத்துல பங்காளிங்களை விடச் சுத்தம்.

அவருக்கு இருக்கிற சங்கடம் வேற. முறை நாலு நாளைக்கு ஒருக்கா, அவருக்கு லீவு வாரத்துக்கு ஒருக்கா. கணக்குப் போட்டுப் பார்த்தா 28 நாளைக்கு ஒரு ஞாயித்துக்கிழமைதான் அவரு முறையில விழும். ஞாயிறு ஞாயிறு தனக்கு விட முடியுமா, பதிலுக்கு வேற நாள்ல தன் முறையை விட்டுக் கொடுத்துடுறேன்னு போன்ல கேட்டார். அதுக்குப் பெரியண்ணன்கிட்டதான் கேட்கணும், மூத்தவர் அவர்தான், நேர்ல வந்து கேளுங்கன்னு சொன்னேன்.

கொஞ்ச நேரம் பேச்சு இல்லை. அப்புறம், "சார், அவரை நான் எப்படிக் கூப்பிடுறது? அங்கிள்னு சொன்னா சரியா இருக்குமா?"

அங்கிள்னா எங்க பெரியண்ணன் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். மாமான்னா கொள்வினை கொடுப்பினை உள்ளவர்ங்கிற அர்த்தம் வந்துடும். ஐயான்னா தள்ளி நிறுத்தின மாதிரி ஆகும். இவருக்கோ கிணத்துல பங்கு இருக்கு.

"பெரியப்பான்னு கூப்பிடுங்க தம்பி" என்றேன். "காலையில 6 மணிக்கு முன்னாடி வந்துடுங்க. சாவி அவருகிட்டதான் இருக்கும்."